மொரீ: கோட்டைக்குக் கீழே ஒரு மீனவ ஊர்

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை என்றதும் அடிமை வணிகக் கோட்டைகளை மட்டும்தான் காட்டுகிறார்கள், அந்தக் கோட்டைகளை ஒட்டியிருந்த ஊர்களில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், இன்று எப்படி வாழ்கிறார்கள், ஏதாவது ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கானா நாட்டின் மொரீயை எடுத்துக்கொள்கிறேன். கிராமம் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஊர் இப்போது பெருத்துவிட்டது. ஆனாலும் பிழைப்பு கடலில்தான். மீன்பாடு குறைந்தால் அது சில வாரங்களிலேயே ஊரின் எல்லா அடுப்பிலும் தெரிந்துவிடும்.

தலைநகர் அக்ராவிலிருந்து மேற்கே கேப் கோஸ்ட் நகரத்துக்குப் போகும் வழியில், நகரத்துக்குச் சற்று முன்னால் கடல் பக்கம் திரும்பினால் மொரீ வரும். பாறையும் மேடுமான நிலம். விவசாயத்துக்குப் பெரிதாக இடமில்லை. வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கடல் வரைக்கும் இறங்கும். மேட்டின் மேல் இடிந்து கிடக்கிறது நாசாவ் கோட்டை. கீழே கரை முழுக்க வண்ணம் பூசிய நீண்ட வள்ளங்கள். அவற்றின் பக்கவாட்டில் பைபிள் வசனம், பழமொழி, கால்பந்து அணியின் பெயர் என்று ஏதாவது எழுதியிருக்கும். இங்கே இருப்பவர்கள் ஃபான்டே மக்கள், அக்கான் என்ற பெரிய இனக்குழுவின் கடலோரக் கிளை.

ஊரின் தோற்றம் பற்றி ஒரு வாய்வழிக் கதை உண்டு. அசெபு அமன்ஃபி என்ற ராட்சத உருவம் கொண்ட தலைவன் தன் கூட்டத்தோடு வந்து இந்தப் பகுதியில் குடியேறினான். அவன் கொஞ்சம் உள்ளே தள்ளி அசெபுவை நிறுவ, அவன் தம்பி ஃபார்னி க்வெக்யா கரையிலேயே தங்கிவிட்டான். அந்தக் கரைதான் மொரீ. கதை எப்படியோ, அசெபு ஒரு சிறு அரசாக இருந்ததும் மொரீ அதன் துறையாக இருந்ததும் வரலாறு. போர்ச்சுகீசியர்கள் 1482இல் கேப் கோஸ்டுக்கு மேற்கே எல்மினாவில் கோட்டை கட்டி இந்தக் கரையின் தங்கத்தை ஏறக்குறைய ஏகபோகமாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1590களில் டச்சுக் கப்பல்கள் வரத் தொடங்கியபோது அசெபுக்காரர்கள் அதைத் தங்களுக்குக் கிடைத்த வாய்ப்பாகப் பார்த்தார்கள்.

இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஐரோப்பியர்கள் வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், உள்ளூர் மக்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மொரீயில் நடந்தது வேறு. அசெபு அரசன் தன் தூதர்கள் இருவரை நெதர்லாந்துக்கே அனுப்பி, எங்கள் துறையில் வந்து கோட்டை கட்டுங்கள், போர்ச்சுகீசியர்களை நாங்கள் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று கேட்டான். 1612இல் ஒப்பந்தம் ஆனது, அதே ஆண்டு நாசாவ் கோட்டை எழுந்தது. இந்தக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் முதல் கோட்டை அது. கட்டுவதற்குச் செங்கல்லைக்கூட ஹாலந்திலிருந்து கப்பலில் கொண்டு வந்தார்கள். 1637இல் பிரேசிலின் டச்சுப் பகுதிக்கு ஆளுநராக இருந்த யோஹான் மௌரிட்ஸ் அனுப்பிய படை எல்மினாவைப் பிடிக்கும் வரை, கினி கடற்கரை என்று ஐரோப்பியர்கள் அழைத்த இந்தக் கரையில் டச்சுத் தலைமையகம் மொரீதான். எல்மினா கைக்கு வந்ததும் அதிகாரிகள் அங்கே போய்விட்டார்கள். மொரீ இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு செய்தி. நாசாவ் கோட்டை எழுந்த மறு ஆண்டு, 1613இல், பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. இரண்டையும் நடத்தியவை வேறு வேறு டச்சு அமைப்புகள். ஆனால் சரக்கு ஒன்றையொன்று தொட்டது. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியில் ஒரு வகைக்கு 'கினி துணி' என்றே வணிகர்கள் பெயர் வைத்திருந்தார்கள். நம் நெசவாளர்கள் நெய்தது ஐரோப்பா போய், அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்து, முதலில் தங்கத்துக்கும் பிறகு மனிதர்களுக்கும் மாற்றாகக் கொடுக்கப்பட்டது. நெய்தவர்களுக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

அடிமை வணிகத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் இங்கே வாங்கப்பட்டது தங்கம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நிலைமை மாறி, 18ஆம் நூற்றாண்டில் ஃபான்டே கடற்கரை மனிதர்களை ஏற்றுமதி செய்யும் கரையாகிவிட்டது. அந்தக் கொடுமையின் பெரிய மையங்கள் எல்மினா, கேப் கோஸ்ட், மொரீக்குக் கிழக்கே இருக்கும் அனோமாபு. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டுப் போர்களில் சிக்கியவர்கள். கரையிலிருந்த ஃபான்டே தரகர்கள் இதில் பணம் பார்த்தார்கள், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் தரகர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. அனோமாபுவின் செல்வாக்கு மிக்க தலைவர் எனோ பைசி குரென்ட்சி தன் மகன் வில்லியம் அன்சாவைப் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். கப்பல் தலைவன் அவனை பார்படோஸில் அடிமையாக விற்றுவிட்டான். 1740களின் கடைசியில் அவனை மீட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். தலைவர் மகன் என்பதால் மீட்க ஆள் இருந்தது. மற்றவர்களுக்கு யாருமில்லை.

கோட்டையின் மீதிக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1664இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், மறு ஆண்டே டச்சுத் தளபதி டி ராய்ட்டர் திரும்பப் பிடித்தார். டச்சு அரசு 1814இல் அடிமை வணிகத்தைத் தடை செய்த பிறகு கோட்டைக்கு வேலை இல்லாமல் போய்க் கைவிடப்பட்டது. 1867இல் இரண்டு நாடுகளும் கோட்டைகளை மாற்றிக்கொண்ட உடன்பாட்டில் மொரீ ஆங்கிலேயர் பக்கம் வந்தது. 1874இல் தங்கக் கடற்கரை ஆங்கிலேயக் காலனி ஆனது, 1957 மார்ச் 6இல் கானா என்ற பெயரில் விடுதலை பெற்றது. 1979இல் யுனெஸ்கோ இந்தக் கரையின் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது நாசாவ் இடிபாடும் அதில் வந்தது.

இவ்வளவு கொடிகள் மாறியும் ஊரை நடத்திய ஏற்பாடுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. எனக்கு மொரீயில் பிடித்த விஷயமே அதுதான்.

முதலில் செவ்வாய்க்கிழமை. ஃபான்டே கடற்கரையில் செவ்வாய் அன்று யாரும் கடலுக்குப் போகக் கூடாது. அது கடல் தெய்வமான நானா போசொம்போவின் நாள். பீட்டர் டி மாரேஸ் என்ற டச்சுக்காரர் 1602இல் வெளியிட்ட பயண நூலிலேயே இது இருக்கிறது: இவர்களுடைய ஓய்வு நாள் நம்முடைய செவ்வாயில் வருகிறது, அன்று மீனவர்கள் கடலில் இறங்குவதில்லை என்று எழுதியிருக்கிறார். அதாவது நாசாவ் கோட்டையைவிடப் பழைய சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மீறினால் தலைமை மீனவர் முன் நிறுத்தி அபராதம் போடுவார்கள். மெதடிஸ்ட் கிறிஸ்தவம் 1830களில் கேப் கோஸ்ட் வழியாக வந்து, பிறகு பெந்தெகொஸ்தே சபைகளும் பெருகி, இன்றைக்கு ஊரில் பெரும்பாலானவர்கள் ஞாயிறு கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் கடலோடிக்குச் செவ்வாய்தான் விடுமுறை. அன்று கரையில் உட்கார்ந்து வலை தைப்பார்கள், எஞ்சின் பார்ப்பார்கள், பஞ்சாயத்து பேசுவார்கள், சம்பந்தம் பேசுவார்கள், சங்கக் கூட்டம் வைப்பார்கள். ஊர் மொத்தமும் கரையில் இருக்கும் ஒரு நாள் வாரத்துக்கு ஒன்று கட்டாயம் வேண்டும் என்பதுதான் இதன் நடைமுறைப் பயன் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது குடும்பம். ஃபான்டேக்கள் தாய்வழிக்காரர்கள். குழந்தை தாயின் எபுசுவாவைச் சேரும். எபுசுவா என்றால் தாய்வழிக் குலம். நிலம், வீடு, பதவி எல்லாம் அதன் வழியே போகும். ஒருவர் இறந்தால் சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது, தம்பிக்கோ சகோதரி மகனுக்கோ போகும். நம் பக்கத்தில் மருமக்கள்வழி என்பார்களே, அதுவேதான். ஆனால் இன்னொரு அடையாளம் தந்தை வழியில் வருகிறது. அது அசாஃபோ.

அசாஃபோ என்பவை ஊர்ப் படைகள். ஒவ்வொரு ஃபான்டே ஊரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட படைகள் உண்டு, அப்பா எந்தப் படையோ பிள்ளையும் அந்தப் படை. ஒவ்வொரு படைக்கும் சுபி என்ற தலைவர், கொடி தூக்குபவர், முரசு, பாட்டு, போசுபான் எனப்படும் சிமென்ட்டுச் சிலைகள் நிறைந்த கட்டடம். எல்லாப் படைகளுக்கும் மேலே துஃபுஹென் என்ற தளபதி. முன்பு போருக்குப் போனவர்கள். இப்போது ஆள் காணாமல் போனால் தேடுவது, தீப்பிடித்தால் அணைப்பது, பாதை சுத்தம் செய்வது, ஊர்த் தலைவரைப் பதவியில் ஏற்றுவது, தேவைப்பட்டால் இறக்குவது ஆகியவை இவர்கள் பொறுப்பு. சாமானிய மனிதனின் குரல் தலைவர் வரை போகும் வழி இதுதான். தலைவர் பதவி அம்மா வழியில் போகிறது, அவரைக் கேள்வி கேட்கும் அமைப்பு அப்பா வழியில் போகிறது. ஒரே குலம் இரண்டையும் கைப்பற்ற முடியாது. யாரும் எழுதி வைக்காத அரசியல் சட்டத்தில் இவ்வளவு நுட்பம் இருக்கிறது.

அசாஃபோ கொடிகள் தனி உலகம். துணியை வெட்டி ஒட்டித் தைத்த உருவங்கள், ஒவ்வொன்றும் ஒரு பழமொழி. முதலையும் மீனும் இருக்கும் கொடி ஒன்று புகழ்பெற்றது: மீன் கொழுப்பதே முதலைக்காகத்தான் என்று பொருள். குளம் எங்களுடையது, நீங்கள் எவ்வளவு வளர்ந்தாலும் எங்களுக்குத்தான் என்று எதிர்ப்படைக்குச் சொல்லும் சேதி அது. இப்படிச் சீண்டி அடிதடி ஆன சம்பவங்கள் நிறைய. அதனால் கொடி விஷயத்தில் காலனி அரசு மூக்கை நுழைத்துக் கட்டுப்பாடு போட வேண்டி வந்தது. 1957 வரை கொடியின் மூலையில் ஆங்கிலேயரின் யூனியன் ஜாக் இருக்கும், அதற்குப் பிறகு தைத்தவற்றில் கானாவின் சிவப்பு, மஞ்சள், பச்சை.

சரி, கடலுக்கு வருவோம். வள்ளம் பிறப்பது காட்டில். உள்நாட்டு மழைக்காட்டில் நிற்கும் வாவா மரத்தை வெட்டி, அங்கேயே குடைந்து, பாதி வடிவத்தில் லாரியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். கரையில் தச்சர்கள் இருபுறமும் பலகை வைத்து உயர்த்தி, குறுக்குச் சட்டங்கள் அடித்து, வண்ணம் பூசி முடிப்பார்கள். முன்பு துடுப்பும் பாயும். 1960களிலிருந்து அவுட்போர்டு எஞ்சின் பரவியது. இப்போது 40 குதிரைத்திறன் எஞ்சின் சாதாரணம். எரிபொருள், அரசு மானியத்தில் கிடைக்கும் பிரீமிக்ஸ், அதாவது எஞ்சின் எண்ணெய் கலந்த பெட்ரோல். ஒரு வள்ளமும் அதன் ஆட்களும் சேர்ந்தால் 'கம்பெனி', தலைவர் 'போசன்'. கம்பெனியில் எண்ணெய், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, பொதுவாக ஒரு பாதி வள்ளம், வலை, எஞ்சின் வைத்திருக்கும் முதலாளிக்கு, மறு பாதி ஆட்களுக்கு. மீனே படவில்லை என்றால் ஆட்களுக்கும் ஒன்றுமில்லை, முதலாளிக்கும் ஒன்றுமில்லை, எண்ணெய்க் கடன் மட்டும் மீதி.

பருவம் என்றால் ஜூலையிலிருந்து செப்டம்பர். அந்த மாதங்களில் கடலின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும், அதோடு சத்தும் வரும், அதைத் தேடிச் சாளைக் கூட்டம் கரையை நெருங்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இன்னொரு சின்னப் பருவம். மற்ற நாட்களில் நெத்திலி, அயிலை, கிடைத்தது.

வள்ளம் கரை சேரும் நேரத்தைப் பார்க்க வேண்டும். இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. அலை உடையும் இடத்தில் போசன் எஞ்சினை அடக்கி, பின்னால் வரும் அலைகளைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார். பெரிய அலை ஒன்று கடந்ததும் அதன் முதுகிலேயே ஒரே மூச்சாக உள்ளே வந்துவிட வேண்டும். அடிமரம் மணலைத் தொட்டதும் இளைஞர்கள் கயிற்றோடு ஓடி வந்து, உருளைக் கட்டைகளை அடியில் போட்டு, பாட்டின் தாளத்துக்கு இழுத்து மேலே ஏற்றுவார்கள். இழுத்தவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் மீன் உண்டு, சிறுவர்களுக்கும்கூட. அதற்குள் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் அலுமினியப் பேசின்களோடு நிற்பார்கள்.

அந்த நிமிடத்திலிருந்து மீன் பெண்களுடையது. இதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆண்களுக்குத் தலைமை மீனவர் இருப்பதுபோல மீன் வணிகப் பெண்களுக்கு கொன்கோஹேமா என்ற தலைவி உண்டு. அன்று முதலில் கரை சேரும் வள்ளத்தின் மீனுக்கு ஒரு பேசின் என்ன விலை என்று பேசி முடிப்பார்கள், அதுவே அன்றைய விலைக்கு அடிப்படை. வள்ளத்துக்காரரின் மனைவியோ சகோதரியோ மொத்த மீனையும் பொறுப்பேற்று, சிறு வியாபாரிப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். பெரும்பாலும் கடனுக்குத்தான். சந்தையில் விற்றுவிட்டு வந்து பணம் கொடுப்பார்கள். தொழிலுக்கு முதலீடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். எண்ணெய்க்கு முன்பணம், வலைக்குப் பணம், எஞ்சின் பழுதுக்குப் பணம் எல்லாம் இந்த வியாபாரப் பெண்கள் கொடுப்பதுதான். கொடுத்த பணத்துக்கு வட்டியைவிட முக்கியமாக அவர்கள் கேட்பது, மீன் வந்தால் எனக்குத்தான் தர வேண்டும் என்ற உரிமை. வள்ளத்துக்குச் சொந்தக்காரர்களாகவே இருக்கும் பெண்களும் உண்டு.

இங்கே தாய்வழி முறை ஒரு வேடிக்கையான விளைவைத் தருகிறது. ஓர் ஆண் வள்ளம் வாங்கித் தன் பையன்களோடு இருபது வருஷம் தொழில் செய்தார் என்று வையுங்கள். அவர் இறந்தால் பழைய வழக்கப்படி வள்ளம் அவருடைய எபுசுவாவுக்குப் போகும். உழைத்த மகன்கள் அதில் இல்லை, அவர்கள் அம்மாவின் எபுசுவா. சண்டை வரும், கம்பெனி உடையும். ஒரு பெண் வள்ளம் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அவர் மகன்களும் அவரும் ஒரே எபுசுவா. 1985இல் கானா அரசு கொண்டுவந்த உயிலில்லா வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்தது. ஊரில் அது முழுதாக நடைமுறைக்கு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மகன்கள் கையில் இப்போது காட்ட ஒரு சட்டம் இருக்கிறது.

கணவன் மனைவி ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பதும் இங்கே விதி அல்ல. பழைய ஏற்பாட்டில் மனைவி தன் தாய் வீட்டிலேயே அம்மா, அக்கா தங்கைகள், பிள்ளைகளோடு இருப்பார். கணவன் தன் ஆட்களோடு வேறு வீட்டில். மாலையில் மனைவி வீட்டில் சமைத்த சாப்பாடு கணவன் வீட்டுக்குப் போகும், இரவு மனைவியும் அங்கே போவார், காலையில் திரும்பிவிடுவார். ஐரோப்பியப் பாதிரிகளுக்கு இது புரியவே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: மீன் வரும் நேரத்தில் இருபத்து நாலு மணி நேரமும் வேலை செய்ய வேண்டிய பெண்ணுக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, அடுப்பைப் பார்த்துக்கொள்ள, கூடவே அம்மாவும் சகோதரிகளும் இருக்கிறார்கள். வீடே ஒரு தொழிற்கூடம்.

அந்தத் தொழிற்கூடத்தின் இதயம் புகையடுப்பு. குளிர்பதனம் இல்லாத கரையில் சாளை சில மணி நேரத்தில் கெட்டுவிடும். புகை போட்டால் வாரக்கணக்கில், நன்றாக உலர்த்திவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும். முன்பெல்லாம் வட்டமான மண் அடுப்பு, மேலே குச்சிகளைப் பரப்பி மீனை அடுக்குவது. புரட்டிப் போடும்போது கையும் முகமும் வேகும். 1970 வாக்கில் அக்ராவின் சோர்கோர் என்ற மீனவப் பகுதிப் பெண்களோடு சேர்ந்து, கானாவின் உணவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பும் ஓர் அடுப்பை உருவாக்கின. நீள்சதுரச் சுவர், கீழே விறகுக்கு இரண்டு வாய், மேலே கம்பி வலை அடித்த மரச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். அடுக்கும் சட்டங்களே புகைபோக்கிபோல ஆகிவிடும், உச்சியில் ஒரு பலகை மூடி. மீனைத் தனித்தனியாகப் புரட்ட வேண்டாம், மேல் சட்டத்தைக் கீழே மாற்றினால் போதும். சோர்கோர் அடுப்பு என்றே பெயர். இன்று மேற்கு ஆப்பிரிக்கா தாண்டியும் பரவியிருக்கிறது.

பருவத்தில் விலை அடிமட்டத்தில் இருக்கும்போது வாங்கிப் புகை போட்டு, தாளில் பொதிந்து கூடைகளில் அடுக்கி வைத்துக்கொண்டு, மீன் இல்லாத மாதங்களில் மான்கெசிம், குமாசி சந்தைகளுக்கு அனுப்புவதில்தான் லாபம். எவ்வளவு நாள் காத்திருக்க முடியும் என்பது கையிருப்பைப் பொறுத்தது. கையில் பணம் இல்லாதவர் மறுநாளே விற்றாக வேண்டும். ஊரில் யார் வசதியானவர், யார் இல்லை என்பதை மச்சு வீட்டை வைத்துச் சொல்வதைவிட, நவம்பரில் யார் வீட்டில் இன்னும் மீன் கூடை இருக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம். சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் புளித்த மக்காச்சோள மாவை வாழைச்சருகில் கட்டி வேகவைத்த டொகொனோ, கூட மிளகாய் அரைத்த சட்னி, பொரித்த மீன். கடலுக்குப் போகிறவர்கள் கொண்டுபோவதும் அதுதான், சீக்கிரம் கெடாது.

மொரீயை மொரீயில் மட்டும் தேடினால் பாதி ஊர்தான் கிடைக்கும். ஃபான்டே கடலோடிகள் எப்போதுமே வெளியூர் போகிறவர்கள். அலை உடையும் கரையில் கப்பலுக்கும் நிலத்துக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கும் திறமைக்காக, 17ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பிய வணிகர்கள் தங்கக் கடற்கரை வள்ளக்காரர்களை இன்றைய பெனின் கரை வரை கூலிக்கு அழைத்துப் போனார்கள். இன்றைய டோகோவின் அனெஹோ ஊரில் எல்மினாப் பக்கத்திலிருந்து போனவர்களின் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். 1928இல் தகொராடி துறைமுகம் வரும் வரை இந்தக் கரையில் ஏற்றுமதி, இறக்குமதி எல்லாமே இவர்கள் தோளிலும் துடுப்பிலும்தான் நடந்தது.

20ஆம் நூற்றாண்டில் அதே பாதையில் மீன்பிடிக்கப் போனார்கள். மொரீயிலிருந்து கம்பெனி கம்பெனியாக, வள்ளம், வலை, பெண்கள், புகையடுப்பு எல்லாவற்றோடும் பெனினின் கொட்டனூ, ஐவரி கோஸ்டின் அபிஜான் பக்கம் போய் ஒன்றிரண்டு வருஷம் தங்கிப் பிடித்துவிட்டு, கணக்கு முடித்து, பணத்தோடு ஊருக்கு வந்து வீடு கட்டுவார்கள். லைபீரியாவின் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயின்ட் குடியிருப்பில் ஃபான்டே மீனவர்கள் நிறைய. காம்பியாவில் புருஃபுட் அருகே 'கானா டவுன்' என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பிறந்த அடுத்த தலைமுறைக்குக் குடியுரிமை கிடைப்பதே பெரும் பாடு. வெளியே இறந்தால்கூட உடலை ஊருக்குக் கொண்டுவர எபுசுவா படாத பாடு படும். சவ அடக்கம் ஃபான்டேக்களுக்கு அவ்வளவு முக்கியம். சனிக்கிழமைதோறும் கறுப்பும் சிவப்பும் உடுத்திக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். முன்னோர்களுக்கு ஊற்றுவது இன்றும் ஷ்னாப்ஸ் மதுதான், டச்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கம்.

இப்போது வருத்தமான பகுதி. சாளை போய்க்கொண்டிருக்கிறது. 1990களின் உச்சத்தோடு ஒப்பிட்டால் கானாவின் சாளைப்பாடு ஒரு சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. கானா முழுக்க 2016 கணக்குப்படி 11,500க்கும் மேற்பட்ட வள்ளங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள். வள்ளங்கள் அதிகம், கண்ணி சிறுத்த வலை, இரவில் விளக்கு வைத்து மீனை இழுப்பது, வெடி, ரசாயனம் என்று தவறு இந்தப் பக்கமும் இருக்கிறது. ஆனால் பெரிய அடி இழுவைக் கப்பல்களால் வந்தது. கானா நிறுவனங்களின் பெயரில் உரிமம் இருக்கும், உண்மையான முதலாளிகள் பெரும்பாலும் சீனாவில். கடலின் அடியில் வாழும் மீனுக்கு என்று உரிமம் வாங்கிவிட்டு, வள்ளக்காரர்களின் சாளையையும் குஞ்சுகளையும் வாரி, உறையவைத்த கட்டிகளாக நடுக்கடலிலேயே விற்றார்கள். இதற்கு 'சைகோ' என்று பெயர். 2017இல் மட்டும் இப்படிச் சுமார் 1 லட்சம் டன் கைமாறியது என்று சுற்றுச்சூழல் நீதி அறக்கட்டளை (EJF) என்ற தன்னார்வ அமைப்பு கணக்கிட்டது. கரையோர மக்கள் தங்கள் கடலில் பிடித்த மீனையே கப்பல்காரரிடம் காசு கொடுத்து வாங்கி வந்து விற்கும் நிலைக்கு வந்தார்கள். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம், சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்காவிட்டால் உங்கள் மீனை வாங்க மாட்டோம் என்ற பொருளில், கானாவுக்கு இரண்டாவது முறையாக மஞ்சள் அட்டை எச்சரிக்கை கொடுத்தது.

மீன் குறையும்போது முதலில் அடிபடுவது பெண்களின் முதலீடு. கொடுத்த முன்பணத்துக்கு மீன் வராது, வாங்கிய கடனுக்குத் தவணை வரும். அடுத்து அடிபடுவது குழந்தைகள். அகொசொம்போ அணையால் 1960களில் உருவான வோல்டா ஏரியில் மீன்பிடி வேலைக்குக் கடலோர ஊர்களிலிருந்து சிறுவர்களை அனுப்புவது பல ஆண்டுகளாக நடக்கிறது. உறவினர் வீட்டில் வளரட்டும், தொழில் கற்கட்டும் என்ற பழைய வழக்கத்தின் போர்வையில் சிலர் விற்கவே செய்கிறார்கள். 2005இல் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. இத்தனைக்கும் நாட்டின் மிகப் புகழ்பெற்ற பள்ளிகளும் ஒரு பல்கலைக்கழகமும் பக்கத்தில் கேப் கோஸ்டில்தான் இருக்கின்றன.

அரசு 2019இல் வள்ளங்களுக்கும் ஒரு மாத மீன்பிடித் தடைக்காலம் கொண்டுவந்தது. நாங்கள்தான் வருஷத்துக்கு 52 செவ்வாய் சும்மா இருக்கிறோமே, கப்பல்காரன் ஒரு நாளாவது நிற்கிறானா என்பது மீனவர்களின் பதில். அதில் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. ஆனால் முட்டையிடும் காலத்தில் தொடர்ந்து ஒரு மாதம் விடுவதும் வாரத்தில் ஒரு நாள் விடுவதும் மீனுக்கு ஒன்றல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2025இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. தடைக்காலத்திலிருந்து வள்ளங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். புதிய மீன்வளச் சட்டம் சிறு மீனவர்களுக்கான கடல் பகுதியை 6 கடல் மைலிலிருந்து 12 கடல் மைலாக விரித்தது. இரண்டாவதுதான் காலங்காலமாகக் கேட்டது. இரவில் அந்த எல்லையைத் தாண்டி வரும் கப்பலைப் பிடித்துத் தண்டிப்பார்களா என்பதை வைத்துத்தான் அதன் மதிப்பு தெரியும்.

நேரில் போகும் எண்ணம் இருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் போங்கள். கேப் கோஸ்டிலிருந்து ஷேர் டாக்சி கிடைக்கும். கோட்டை மேட்டில் ஏறி ஹாலந்துச் செங்கல்லைப் பார்த்துவிட்டு, அதிக நேரத்தைக் கரையில் செலவிடுங்கள். வள்ளம் வருவதைப் பார்க்க வேண்டுமானால் செவ்வாய் தவிர்த்து எந்தக் காலையும் சரி. ஊர் மனிதர்களோடு உட்கார்ந்து பேச வேண்டுமானால் செவ்வாய்தான் நல்லது. படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள், மீன் இறக்கும் நேரத்தில் பெண்களின் வழியில் நிற்காதீர்கள்.